மூக்கு மரத்த ஊர்

இருக்கிறதா, இல்லையா? ஃபிரிட்ஜுக்குள் தோள்வரை நுழைந்து, கண்ணை மூடி, இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் புகை வாடை போய்விட்டது என்று அர்த்தமா, என் மூக்கு போய்விட்டது என்று அர்த்தமா? காலையிலிருந்து இதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்திராணி வருகிறாள். பகல் பஸ்ஸில் வருகிறாள். விடியும்போதே வத்தலக்குண்டிலிருந்து போன் பண்ணி, "ஏங்க, நான் இன்னைக்கு வரேன்" என்றாள், அவ்வளவுதான், நான் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து போனைக் காதில் வைத்தபடியே அடுப்படிக்கு ஓடி லைட்டைப் போட்டேன், அவள் ஏதோ வாசலிலேயே வந்து நிற்பது மாதிரி. ஐம்பது தாண்டிய லைன்மேன், கம்பம் கம்பமாக ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவன், கட்டிய பெண்டாட்டி சொந்த வீட்டுக்கு வருவதற்கு இப்படிக் குதிக்கலாமா? குதிக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் உடனே அவள் அண்ணன் ராஜாங்கம் போனை வாங்கிக்கொண்டார். "மாப்ள, பாத்துட்டுப் போகத்தான் கூட்டியாறேன். வீட்டுக்குள்ள கால வச்சு ஒரு தடவ மூச்சு இளைச்சுச்சுன்னாலும் அதே பஸ்ல திருப்பிக் கூட்டியாந்துருவேன், ஆமா. இங்கிட்டு நல்ல வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மலை வீட்டக் குடுத்துட்டு நீங்களும் எறங்கி வந்துருங்க." சரி மச்சான், சரி மச்சான் என்றேன். சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கை ஆப்ப சோடா டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டது.

காட்டுத்தீ எங்கள் வீட்டைத் தொடவே இல்லை, அதுதான் வேடிக்கை. ஆரஞ்சுத் தோட்டத்து வேலியோடு நின்றுவிட்டது. ஊர் ஆண்கள் எல்லோரும் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்து அடித்து நிறுத்தினோம். ஓடு விழவில்லை, கண்ணாடி உடையவில்லை, வந்து பார்த்தவர்கள் எல்லாம் தப்பிச்சீங்கப்பா என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். புகை மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக அடுப்படிக்குள் வந்து, வந்த இடத்தில் சம்பந்தி மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொண்டது. ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்தது, மிக்ஸிக்குள் உட்கார்ந்தது, கிரைண்டர் பெல்ட்டில், குக்கர் ரப்பரில், காப்பி பில்டரின் சின்னச் சின்ன ஓட்டைகளில் எல்லாம். தீ அணைந்த பிறகும் பல நாள் நான் அதற்குள்ளேயே தூங்கினேன், அதையே மூச்சாக விட்டேன், இப்போது என் மூக்குக்கு அது வாடையே இல்லை. எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே மூக்கு மரத்துவிட்டது. இங்கேயே கிடந்தவன் எவனுக்கும் புகை தெரியாது. கீழேயிருந்து வருகிறவளுக்குத் தெரியும், அவளுக்கு மூக்குக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். ஒயரில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் வைத்திருக்கிறேன், பாக்கெட்டிலேயே இருக்கிறது. வாடை இருக்கிறதா என்று பார்க்க எதை வைப்பது? மறுபடியும் தலையை உள்ளே விடுகிறேன். குளிர்கிறது. அவ்வளவுதான் தெரிகிறது.

சரி, செய்ததையெல்லாம் இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்போம். ஃபிரிட்ஜில் இருந்ததை முழுக்க எடுத்துக் கொட்டியாயிற்று, அது முன்பே. ஊருக்கே கரண்டை நிறுத்தியவன் நான்தான், கம்பி அறுந்து விழுந்து இன்னொரு பக்கம் பற்றக் கூடாதே என்று நானேதான் ஃபியூஸைப் பிடுங்கினேன், அதனால் ஊரில் எல்லார் ஃபிரிட்ஜும் செத்துக் கிடந்தது, என் வீட்டில் இந்திராணி ஆட்டி வைத்திருந்த மாவு பொங்கி வழிந்து பச்சை பூத்துப்போயிருந்தது. தட்டுகளையெல்லாம் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா போட்டு ஊறவைத்தேன். கதவு ரப்பரின் மடிப்புக்குள் பழைய டூத் பிரஷை விட்டுத் தேய்த்தால் கறுப்பாக வருகிறது, துடைக்கத் துடைக்க வருகிறது, அந்த ஒல்லி மடிப்புக்குள் ஒரு மலையே எரிந்து உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் தண்ணீர் சேர்கிற தட்டு ஒன்று இருக்கிறது என்பதே இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவள்தான் காலையில் இரண்டாவது போனில் ரகசியமாகச் சொன்னாள், அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து. "பின்னாடி ஒரு தட்டு இருக்கும், அதக் கழட்டிக் கழுவுங்க. மொதல்ல உறையுற ஐஸக் கொட்டிருங்க. மிக்ஸிக்கு அடியில காத்து போற ஓட்டை இருக்குல்ல, அதுலதான் இருக்கும். சோப்பு வாசன போட்டு மூடிப்புடலாம்னு பாக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சிரும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "எப்படியாச்சும் எடுத்துருங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம்! அவளுக்கும் இங்கே வரவேண்டும். எனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும்தான். அதை நினைத்தால் டூத் பிரஷ் பறக்கிறது.

கல்யாணமாகி வந்த புதிதில் இந்த மலையை அவள் திட்டாத திட்டில்லை. குளிர் என்றாள், அட்டை என்றாள், ஒரு முழம் பூ வாங்க பஸ் ஏற வேண்டுமா என்றாள். இன்றைக்கு யாராவது மலையைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக முடியுமா அவளிடம்? கிரைண்டர் வந்த பிறகுதான் அவள் இந்த ஊர்க்காரி ஆனாள் என்று நினைக்கிறேன். மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தாள், மாவு விற்று ஃபிரிட்ஜ் வாங்கினாள், ஃபிரிட்ஜ் வந்ததும் இன்னும் அதிகமாக ஆட்டினாள். கிரைண்டர் தலையில் அவள் வைத்த மஞ்சள் குங்குமம் இப்போதும் இருக்கிறது, அதை மட்டும் துடைக்காமல் சுற்றித் துடைத்தேன். கல்லைக் கழற்றி உப்புப் போட்டு உரசி, ஒரு கை பச்சரிசி போட்டு ஓடவிட்டு, வந்த சாம்பல் நிற மாவை வெளியே கொட்டினேன். இரண்டாம் தடவை வெள்ளையாக வந்தது. வெள்ளையாக வந்தால் வாடை இல்லை என்றாகிவிடுமா? மிக்ஸியைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினேன், இது என் வேலை, மோட்டார் என்றால் எனக்குக் கை நடுங்காது. அடியில் காற்று இழுக்கும் ஓட்டைகளைச் சுற்றி கரி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தேன், துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிழிந்து துடைத்தேன். வேலை செய்யச் செய்ய வாய் அதுபாட்டுக்குச் சீழ்க்கை அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்றுவிடுகிறது, ஏனென்றால் சீழ்க்கைச் சத்தம் அந்தச் சத்தம் மாதிரியே இருக்கிறது.

அந்தச் சத்தம். நெஞ்சுக்குள் யாரோ ஊதல் வைத்து ஊதுவது மாதிரி. தோட்டத்துக் காய்கறி லாரியின் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முந்தானையை நனைத்து மூக்கில் கட்டியிருந்தாள், வெயில் நேரத்திலேயே மலை இருட்டிக் கிடந்தது. அதுவரை அவளுக்கு இளைப்பு என்பதே கிடையாது. ஜலதோஷம் பிடித்தால்கூட ஒரு கஷாயத்தில் எழுந்துவிடுகிறவள். தீ வந்த அன்று காலையில் இரும ஆரம்பித்தாள், நான் லைனை நிறுத்த ஓடினேன், திரும்பி வருவதற்குள் உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. நானும் ஏறப்போனேன். "நீங்க லைனப் பாருங்க," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அந்த ஊதல். லாரி போனது. வளைவு திரும்பியதும் தெரியவில்லை, புகைக்குள் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. எனக்கு அவள் வேண்டும். இதைச் சொல்ல என்ன வெட்கம்? வீட்டை விற்றுவிட்டுக் கீழே போய் அவளோடு இருந்தால் போதாதா என்று கேட்டால், போதும்தான். ஆனால் அவளுக்குப் போதாது. அங்கே அண்ணன் வீட்டு மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சும்மா இருக்கேன்ங்க, சும்மாவே இருக்கேன் என்று போனில் சொல்கிறாள். அவள் வாயில் சும்மா என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. துடை, சோலைமலை, துடை. பேர்தான் சோலைமலை, அடுப்படியில் ஒரு கரித்துணி.

எஸ்தரக்கா வந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருப்பவள், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. "என்னண்ணே, கொழுந்தியா வாராளாம்ல?" என்றாள். அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இந்திராணியைக் கொழுந்தியா என்று கூப்பிடுவது அவள் பழக்கம், ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். "எஸ்தரக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க, உள்ள தலைய விட்டு மோந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தினேன். மோந்தாள். மிக்ஸியை மோந்தாள். ஜாடியைத் தூக்கி மோந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பரீட்சை எழுதிய பையன் வாத்தியார் முகத்தைப் பார்ப்பது மாதிரி. "எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே," என்றாள். "தெரியலையா, இல்லையா?" என்றேன். "அது எப்படிண்ணே எனக்குத் தெரியும்? எம்மூக்கும் இங்கனதான கெடந்துச்சு. என் கடை டீல புகை வாசம்னு கண்டக்டரு துப்புறாரு, எனக்கு டீ டீயாத்தான் இருக்கு." போகும்போது ஒரு யோசனை சொன்னாள். அடுப்புக்கரியை ஒரு கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வாடையை இழுத்துக்கொள்ளுமாம். கரிக்கா பஞ்சம்! மலை முழுக்கக் கரி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி ஒரு சட்டி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பெருமையாகக் கையைத் தட்டினேன், தட்டும்போதுதான் உறைத்தது. எந்தத் தீயை வெளியே அனுப்புகிறேனோ அதன் கரியையே அள்ளி வந்து நடுவீட்டில் வைத்திருக்கிறேன். திறந்து வெளியே வீசினேன். மறுபடி தட்டுகளைக் கழுவினேன். கரிக்குப் பதில் ஒரு கிண்ணம் காப்பிப்பொடி, இன்னொரு கிண்ணம் ஆப்ப சோடா, எலுமிச்சம்பழத் தோல். கதவைச் சாத்தினால் உள்ளேயே புழுங்குமோ? அப்படியானால் திறந்தே இருக்கட்டும். எல்லாமே திறந்தே இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவு, மிக்ஸி ஜாடிகள், குக்கர் மூடி, இட்லிப் பானை, கிரைண்டர் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காற்று வாங்குகின்றன.

முடிந்துவிட்டது. நிஜமாகவே முடிந்துவிட்டது. அடுப்படி பளபளவென்று நிற்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் முகம் பார்க்கலாம், இந்த வீட்டில் இவ்வளவு சுத்தம் நாங்கள் குடிவந்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை. இந்திராணி இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள், வாயைக் கோணிக்கொண்டு, பரவாயில்லையே என்பாள், அந்தப் பரவாயில்லையே போதும் எனக்கு ஒரு வருஷத்துக்கு. பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. என்ன குறைகிறது? ஏதோ குறைகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆஸ்பத்திரி மாதிரி. வருகிறவளை வா என்று கூப்பிட ஒரு வாசனை வேண்டாமா? காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை! என்ன பொருத்தம் பாரேன். வெள்ளிக்கிழமை என்றால் அவள் தலைக்குக் குளித்து, வீடு முழுக்க ஒரு சுற்று வருவாளே, அறை அறையாக, கதவிடுக்கில் எல்லாம் காட்டி, கடைசியில் என் முகத்துக்கு முன்னால் ஒரு ஆட்டு ஆட்டி, கண் எரிகிறது என்று நான் கத்தினால் சிரிப்பாளே. அவளுக்குப் பிடித்த வாசனை உலகத்தில் அது ஒன்றுதான். கை தானாகப் பின்கட்டுக்குப் போய்க் கொட்டாங்குச்சியைப் பற்றவைத்தது, கங்கு சிவந்ததும் தூபக்காலில் எடுத்துப் போட்டது, அலமாரியிலிருந்து பொடியை எடுத்துத் தூவியது. குப்பென்று எழுந்தது. அடேயப்பா! தெரிகிறது! வாசனை தெரிகிறது! மூக்கு வந்துவிட்டது! தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் ஒரு சுற்று, சாமி படத்துக்கு முன்னால் ஒரு சுற்று, மறுபடி அடுப்படிக்கே வந்து நன்றாக இழுத்து இழுத்து நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, இந்திராணி வா, வா இந்திராணி என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஆடுகிறேன். வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு போகிறது, மிக்ஸி ஜாடிக்குள் இறங்குகிறது, கிரைண்டரைச் சுற்றுகிறது, திறந்து கிடக்கிற ஃபிரிட்ஜுக்குள் தட்டுத் தட்டாக நுழைந்து மெதுவாகப் படுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழகாக நுழைகிறது அந்தப் புகை.

புகை. டேய். டேய் சோலைமலை, புகைடா. தூபக்காலோடு ஓடிப்போய்க் கிணற்றடித் தொட்டியில் முக்கினேன், சொய்யென்று இன்னொரு மேகம் கிளம்பியது. மடையன்! மாங்கா மடையன்! உலகத்தில் எவனாவது செய்வானா? கூடையில் இன்ஹேலர் வைத்துக்கொண்டு வருகிறவளுக்கு வீடு முழுக்கப் புகை போட்டு வரவேற்பா? ஜன்னலையெல்லாம் திறந்தேன், ஃபேனைப் போட்டேன், சாக்கை எடுத்து விசிறினேன், அது போவதற்குப் பதில் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது கீழே, வெகு கீழே, பஸ் ஹாரன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று அடிப்பார் டிரைவர், அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். இது பாலத்துக்குப் பக்கத்து வளைவு. கழுவ நேரமில்லை, துடைக்க நேரமில்லை. வெளியே! தூக்கு, எல்லாவற்றையும் வெளியே தூக்கு! மிக்ஸி முதலில். குக்கர், பானை, பில்டர், ஒரே அள்ளாக. வீட்டுக்கு முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்டுக் களம் இருக்கிறது, அங்கே வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, சாம்பிராணி இல்லை. "எஸ்தரக்கோவ்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் டீ ஆற்றுகிற கிளாஸோடு ஓடிவந்தாள். "தீயாண்ணே?" "இல்லக்கா, சாம்பிராணி!" அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் செருகினாள். ஃபிரிட்ஜுக்கு அடியில் சாக்கைத் தள்ளி, நான் முன்னால் இழுக்க அவள் பின்னால் தள்ள, வாசற்படியில் சாய்த்து, பார்த்துப் பார்த்து, விரலு விரலு, இறக்கிவிட்டோம். கிரைண்டர் கனத்தது. கல்லைக் கழற்றியிருந்தால் லேசாகத் தூக்கியிருக்கலாம் என்பது தூக்கி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஹாரன் இப்போது சர்ச் வளைவில். மூச்சு வாங்குகிறது, எனக்கே ஊதல் அடிக்கிறது, சிரிப்பாகவும் வருகிறது அழுகையாகவும் வருகிறது. அடுப்படியே வெட்ட வெயிலில் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி வரிசையாக நிற்கிறது. பஸ் வந்து நின்றுவிட்டது.

முதலில் ராஜாங்கம் மச்சான் இறங்கினார், பிறகு ஒயர் கூடை, பிறகு அவள். மெலிந்திருக்கிறாள். மூக்கிலிருந்து தாடைவரை நீல மாஸ்க். படி ஏறி வரும்போதே மச்சான் களத்தைப் பார்த்துவிட்டார், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா இந்திராணி! ஒனக்குத்தான் புரியல, மாப்ளைக்குப் புரிஞ்சிருச்சு பாரு! நான் வாரதுக்கு முன்னாடியே சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சுட்டாரு. லாரிக்கு இப்பவே சொல்லிருவமா மாப்ள?" நான் வாயைத் திறக்கிறேன், மூச்சுத்தான் வருகிறது. அவள் கிரைண்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண் மட்டும். அந்தக் கண் நிறைந்து கிடக்கிறது. "யாரக் கேட்டு?" என்றாள். "யாரக் கேட்டுங்க என் கிரைண்டரத் தூக்கி வெளிய வச்சீங்க?" "சாம்பிராணி போட்டேன்," என்றேன். "என்னது?" "வெள்ளிக்கெழமைல்ல. நீ வாரேல்ல. எல்லாத்தையும் கழுவித் தொறந்து வச்சிருந்தேன். ஒனக்குப் புடிக்குமேன்னு..." எஸ்தரக்கா எங்கேயோ பார்க்கிறாள். இந்திராணியின் தோள் குலுங்கியது. ஐயோ, வந்துவிட்டது, இளைப்பு வந்துவிட்டது, நான்தான் வரவழைத்தேன், மச்சான் கூடைக்குள் கையை விட்டு இன்ஹேலரைத் தேடுகிறார், அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் குலுங்கியது, மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரிக்கிறாள். "பொகைய எடுங்கன்னா பொகை போட்டீங்களா!" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்து, சிரிப்பு இருமலில் போய் முட்டியது. ஒரு இருமல். இன்னொன்று. மச்சான் நீட்டிய இன்ஹேலரை வேண்டாமென்று கையால் தடுத்து, நிமிர்ந்து, மலைக் காற்றை மெதுவாக உள்ளே இழுத்தாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று காது கொடுப்பது மாதிரி காது கொடுத்தேன். ஊதல் இல்லை.

பிறகு அவள் மோந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் காலையெல்லாம் செய்த அதே வேலை, அதே வரிசை. ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டாள். "எலுமிச்சம்பழம். காப்பிப்பொடி." கதவு ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிக்ஸியைக் கவிழ்த்தாள். கிரைண்டருக்குள் முகத்தை வைத்தாள். "சாம்பிராணி," என்றாள், ஒரு நிமிஷம் அங்கேயே முகத்தை வைத்திருந்தாள், அவளுக்குப் பிடித்த வாசனை அல்லவா. "கொஞ்சூண்டுதான். காத்துல போயிரும்." நிமிர்ந்து நெற்றியைச் சுருக்கினாள். "அப்புறம் எங்கருந்து வருது அந்தக் கருகல் வாடை?" எதை விட்டேன்? எந்த மடிப்பை, எந்த ஓட்டையை? அவள் மூக்கை உயர்த்திக்கொண்டு களத்தைத் தாண்டி நடந்து நேராக என்னிடம் வந்து, என் ஸ்வெட்டரில், கழுத்தில், காதோரத்து முடியில் மோந்தாள். எஸ்தரக்கா திரும்பிக்கொண்டாள். "இந்தாருக்கு," என்றாள் இந்திராணி, இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு. "காட்டையே மேல போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. சாமானெல்லாம் கழுவுன மனுசன் தன்னக் கழுவலையாக்கும்? போங்க, போய்த் தேய்ச்சுக் குளிங்க. துணியெல்லாம் வெளிய போடுங்க." மச்சான் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குள்ள போய்ப் பாக்காம எப்படிம்மா முடிவு..." "வீட்டுக்குள்ள சாயங்காலம் போறேண்ணே, இவரு போட்ட சாம்பிராணி போனப்பறம். அதுவரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன். ஏங்க, குளிக்கப் போறதுக்கு முன்னாடி வயர இழுத்துக் குடுங்க. கல்லுல ஒரு ஈடு ஓட்டிப் பாக்கணும், ஒரு ஈடு ஓட்டுனா அந்த சாம்பிராணியும் போயிரும்." வயர் இழுப்பதா? ஊருக்கே இழுக்கிறவன் நான்! ஜன்னல் வழியாக வயரை வீசி, பிளக்கை மாட்டி, தூரத்திலேயே நின்று, போடு என்றேன். கிரைண்டர் வெயிலில் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

குளியலறை பின்கட்டில் இருக்கிறது. வெந்நீர் போட விறகு மூட்டுவேனா? மூட்ட மாட்டேன், அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு தலையில் ஊற்றினேன், நடுங்கியது. இரண்டாவது சொம்பு ஊற்றும்போது வந்தது. ஈரம் பட்டதும் தலைமுடியிலிருந்து கிளம்பி, முகத்தில் வழிந்து, மூக்குக்குள் ஏறியது. வாடை. எரிந்த இலை, எரிந்த பட்டை, எரிந்த மண். இத்தனை நாள் தெரியாமலிருந்தது இப்போது தெரிகிறது, குமட்டுகிறது, இதைத்தான் அவள் அன்றைக்கு மூச்சாக இழுத்தாள், இதற்குள்தான் அந்த லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு போனாள், நீங்க லைனப் பாருங்க என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்று அழுதேன். சீயக்காய் கண்ணில் பட்டதாக வைத்துக்கொள்ளலாம். தேய்த்தேன், ஊற்றினேன், மறுபடி மோந்தேன், இன்னும் இருந்தது. திடீரென்று கிரைண்டர் சத்தம் நின்றுவிட்டது. கை அப்படியே நின்றது. ஏன் நிறுத்தினாள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன், தண்ணீர் சொட்டுகிற சத்தம், காகம், எஸ்தரக்கா கடையில் கிளாஸ் சத்தம். அப்போது களத்திலிருந்து அவள் குரல் எழுந்தது, அந்தப் பழைய குரல், மலைக்கு இந்தப் பக்கம் நின்று திட்டினால் அந்தப் பக்கம் கேட்கிற குரல். "அண்ணே! சும்மா நிக்காம ஃபிரிட்ஜ அந்த நெழல்ல நகட்டுங்க! எஸ்தர்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு மாவு உண்டுன்னு! சாயங்காலப் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நீங்க கெளம்புங்க, இட்லி அவிச்சுத் தர ஆள் இல்ல இன்னைக்கு! ஏங்க, குளிச்சாச்சா? இன்னொருக்காத் தேய்ங்க!" இத்தனையையும் அவள் நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல் சொன்னாள். தேய்க்கிறேன் என்று உள்ளேயிருந்து கத்திவிட்டு, இன்னொரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.